எர்ணாவூரில் ஒரு தொலைபேசி எண்

இறந்துபோன ஒருவரின் கைப்பேசி எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நான் மலேசியாவின் கிள்ளானிலிருந்து சென்னைக்குப் போனேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், "கோயிலுக்கா, துணி எடுக்கவா?" என்று கேட்டார். துணி எடுக்க என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் விளக்க வேண்டியிருக்கும். எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச வராது.

எழுதுவது அவ்வளவு சிரமம் இல்லை. அதனால் இங்கே விளக்கிவிடுகிறேன். எங்கள் ஊரில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு தனியார் கிடங்கு இருந்தது. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் மூட்டை சுமந்தவர்களுக்கு வயதானபோது நெஞ்சு கெட்டுப்போனது. அவர்களுக்காக ஒரு சங்கம் இருக்கிறது. அதன் அலுவலகத்தைத் திறந்து பெருக்கி, கோப்பி கலக்கிக் கொடுக்கிறவன் நான். என் நண்பன் பெருமாளும் மூட்டை சுமந்தவன்தான். மூக்கில் குழாயோடு சங்கத்துக்கு வருவான். இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு கேட்டது ஒன்றுதான்: வேலையில் இருந்த காலத்திலேயே நெஞ்சு கெட்டிருந்தது என்பதற்கு அந்தக் காலத்து எக்ஸ்ரே எங்கே?

படங்கள் எங்களிடம் இருந்தன. ஒரு மழைக்கு அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது படத்திலிருந்த நெஞ்சும் சேர்ந்து உரிந்து வந்தது. ஆனால் அதற்கு முன்பே சேவியர் அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருந்தார். சேவியர் ராயபுரத்துக்காரர். கிள்ளானில் சரக்குப் பெட்டிகளைக் கணினியில் கணக்கு வைக்கும் வேலை பார்த்தார், ஓய்வு நாளில் சங்கத்துக்கு வந்து உதவினார்.

எங்கேயோ தொலைதூரத்தில் இருக்கும் கணினிகளில் அந்தப் படங்களைப் பத்திரப்படுத்தியிருப்பதாகச் சொன்னார். இருப்பதிலேயே மலிவான இடம். "மீன ஐஸ்ல போட்டு அடியில வெக்கிறா மாதிரி. வெக்கறது சல்லிசு. யாரும் தொடமாட்டாங்கோ, அதான் சல்லிசு. வேணும்னா முன்னாடியே சொல்லணும், ஐஸ் ஒடையறதுக்கு ஒரு நாளு, ரெண்டு நாளு ஆவும்" என்றார். ஊர் திரும்பியபோது கணக்கைத் தன் இந்திய எண்ணுக்கு மாற்றிக்கொண்டார். அங்கேயிருந்து அவரே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பிறகு இறந்துவிட்டார். அவருடைய அட்டையிலிருந்து போய்க்கொண்டிருந்த வாடகையும் சில மாதம் கழித்து நின்றது. மாதக் கடைசியில் கணக்கை மூடி எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று சங்கத்து மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை வந்தது. கடவுச்சொல் எங்களுக்குத் தெரியும். ஆனால் உள்ளே போக, சேவியரின் எண்ணுக்கு ஒரு குறியீடு வரும். அது வேண்டும். இறப்புச் சான்று அனுப்பினால் பரிசீலிப்பார்களாம், அதற்குப் பல வாரங்கள் ஆகுமாம்.

செயலாளர் அந்த எண்ணுக்குக் கிள்ளானிலிருந்து அழைத்துப் பார்த்தார். ஒரு பெண் எடுத்தார். "ஓடிபி சொல்லணுமா? செருப்பு பிஞ்சிடும்" என்றார். அதன் பிறகு அழைப்பு போகவில்லை. அலுவலகத்தில் மற்ற எல்லாருக்கும் மூச்சு வாங்கும். அதனால் நான் அனுப்பப்பட்டேன்.

ராயபுரத்தில் இறங்கியதும் மூக்கில் ஏறியது டீசல் வாசம், அதற்குப் பின்னால் மீன் வாசம். எங்கள் ஊரிலும் இரண்டும் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் துறைமுகம் ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம். இங்கே கண்டெய்னர் லாரியின் பக்கவாட்டுக்கும் ஒரு வீட்டு வாசற்படிக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகும் இடம்தான் இருந்தது. அந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

சேவியரின் மனைவி ஸ்டெல்லா துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் அழுவார் என்று பயந்து போயிருந்தேன். "வாங்கண்ணே, துன்னிங்களா?" என்றுதான் கேட்டார். இட்லியும் வடகறியும் வந்தன. வடகறி என்பது வடையைப் பிய்த்துக் குழம்பில் போட்டது. எங்கள் ஊரில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்பைவிடக் காரம். நான் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம்தான் சேவியரின் போன் எங்கே என்று கேட்டேன்.

"அவரு கூடவே அனுப்பிட்டோம்ணே."

"எங்கே?"

"பெட்டிக்குள்ள. கையில ஜெபமாலை, சட்டப் பாக்கெட்ல போனு. அது இல்லாம கக்கூஸுக்குக் கூட போவமாட்டாரு மனுசன். மேல போயி மட்டும் சும்மா குந்தினு இருப்பாரா?"

அந்தத் தெருவில் அது வழக்கம். போகிறவர் கைவிடாத பொருளை உடன் வைத்துவிடுவார்கள். ஒருவருக்குச் சீட்டுக்கட்டு, ஒருவருக்குக் கால்பந்து சட்டை வைத்தார்களாம்.

"சிம் கார்டும் அதிலேயா?"

"அதுலதான். ரெண்டு நாளு ரிங்கு போச்சுண்ணே. நான் போட்டுப் போட்டுப் பாத்துகினே இருந்தேன். அப்பால சுவிட்ச் ஆஃப்னு சொல்ட்டா."

புதைத்த சிம்முக்கு யார் ரீசார்ஜ் செய்வார்கள்? சில மாதம் சும்மா கிடந்த எண்ணைக் கம்பெனிக்காரன் வேறு யாருக்கோ விற்றுவிட்டான். அது ஸ்டெல்லாவுக்கே நான் சொல்லித்தான் தெரியும். தன் போனை எடுத்து, பணம் அனுப்புகிற செயலியில் சேவியரின் எண்ணை அடித்தார். அது மனப்பாடம். செல்வி என்று பெயர் வந்தது. வாட்ஸாப்பில் படமும் இருந்தது. சிவப்புப் புடவையில் ஒரு பெண், பின்னால் அடுக்குமாடிச் சுவரில் பிளாக் எண்.

"இது எர்ணாவூரு ஹவுசிங் போர்டு வூடுண்ணே. நாளிக்கு எனக்கு லீவு இல்ல. நீங்க போயி நல்லவிதமா கேட்டுப் பாருங்கோ" என்றார் ஸ்டெல்லா. நல்லவிதமாகக் கேட்பது என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. அன்று சாயங்காலம் தெருமுனையில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டபடி, என்ன சொல்வது என்று வாய்க்குள் பேசிப் பார்த்தேன். கடைக்காரர், "இன்னா சார், ஜெபமா?" என்றார்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் வடக்கே போனேன். திருவொற்றியூர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கு எட்டியவரை கண்டெய்னர் லாரிகள். இரண்டு ஓட்டுநர்கள் லாரி நிழலில் அடுப்பு மூட்டித் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த அம்மாள் கேட்டுவிட்டுச் சிரித்தார். என்ன என்று பார்த்தேன். "அவன் பொண்டாட்டி போன்ல கேக்குதாம், ஹார்பர் கேட்டு தாண்டிட்டியான்னு. இல்ல, கேட்டுக்கு ஒரு சாம்பாரு, ரெண்டு ரசம் பாக்கி கீதுன்றான்" என்றார். அவருடைய கூடையிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. காலை நகர்த்த இடமில்லை.

எர்ணாவூரில் இறங்கியபோது தலைமுடியில் ஏதோ விழுவதுபோல் இருந்தது. தடவிப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் தூள். அனல்மின் நிலையத்துச் சாம்பலாம். கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகள் எதுவும் வெள்ளையாக இல்லை. பிளாக்கைக் கண்டுபிடித்துவிட்டேன். கீழே பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த பெண்களிடம் செல்வி வீடு கேட்டேன்.

"எந்த செல்வி? தையல் செல்வியா, வறுவல் செல்வியா, புருசன் ஓடிப்போன செல்வியா?"

"யே, ஓடிப்போனவன் திரும்பி வன்ட்டான்டி. அதுக்கு வேற பேரு வெக்கணும்."

படம் ஸ்டெல்லாவின் போனில் இருந்தது. என்னிடம் இல்லை. எண்ணை மட்டும் சொன்னேன். ஒருவர், "வறுவல் செல்வி நம்பரு ஆச்சே, இன்னாத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே மாடிக்குக் கூட்டிப்போனார். கதவைத் திறந்தவர் படத்தில் இருந்தவர்தான். சாயங்காலத்தில் மீன் வறுத்து விற்கிறவர், கையில் மசாலா. உள்ளே யாரோ இருமினார்கள். நான் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோய், "ஒரு ஓடிபி வேண்டும்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் படிக்கட்டில் நடந்தது. "போன்ல கேட்டு வேலைக்காவலன்னு வூட்டுக்கே வந்துட்டான்டி!" என்று செல்வி கத்தினார். எண்ணெய் பரவி, பக்கத்து ஆற்று முகத்துவாரம் கெட்ட காலத்தில் இவர்களுக்கு வந்த நிவாரணப் பணத்தை இப்படி ஓர் ஓடிபி கேட்டு ஒருவன் சுருட்டியிருந்தானாம், பிறகு தெரிந்தது. மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். கடவுச்சீட்டைக் காட்டினேன். "பாஸ்போர்ட்டு வேற வெச்சிக்கினு வந்துக்கீறான் பாரு, எம்மா பெரிய கேடி!" என்றார். அந்தப் பல்லாங்குழிப் பெண்கள்தான் என்னைச் சாலைவரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். அடிக்கு முன்னால் போய்விடு என்பது அவர்கள் செய்த உதவி.

அன்றிரவு பெருமாள் போனில் கேட்டான், "பாத்தியா?" பார்த்தேன் என்றேன். "குடுத்தாங்களா?" நாளைக்கு என்றேன். அவன் குரலுக்கு நடுவில் ஆக்சிஜன் இயந்திரத்தின் ஓசை வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா சம்பளத்தைப் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். கதவைத் திறந்த செல்வி என்னைப் பார்த்ததும் மூடப் போனார். ஸ்டெல்லா கதவில் கை வைத்து, "ஏம்மா, நான் சேவியர் பொண்டாட்டி" என்றார்.

கதவு அப்படியே நின்றது.

"எந்த சேவியரு? ராயபுரத்து சேவியரண்ணனா?"

"உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"தெரியாமயா? இந்த நம்பரு வாங்கனதுலேருந்து அவருக்குத்தானே போனு. நானே எத்தினி பேருக்கு சொல்லிக்கீறேன் தெரியுமா, அவரு பூட்டாராம், நம்பரு இப்போ எங்கிட்டன்னு. மொத தபா எனக்குத் தெரியாது. ஒருத்தரு போன் போட்டாரு, யாரு வேணும்னேன். சேவியரு, ஆனா அவரு செத்துட்டாரேம்மான்னு அவரேதான் சொன்னாரு. பேசிப் பாக்கலாம்னு சும்மா போட்டாராம்."

ஸ்டெல்லா அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டார். செல்வி இன்னும் முழுதாக நம்பவில்லை. "செரி, ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம ஒரு தாத்தா பேசுவாரே, அவரு யாரு?"

"காது கேக்காதா? கத்திக் கத்திப் பேசுவாரா?"

"ஆங்."

"எங்க சித்தப்பா. பல்லாவரம் ஹோம்ல கீறாரு. அவருக்கு நாங்க சாவு சேதி சொல்லவே இல்ல."

"நானும் சொல்லல. எப்டி சொல்றது? சேவியரு கோயிலுக்குப் போயிக்கீறாரு தாத்தான்னு சொல்லிடுவேன். செரிம்மா, வந்தா பேச சொல்லுன்னுட்டு வெச்சிடுவாரு." செல்வி கதவை விட்டுவிட்டார். "குந்துங்கோ. இந்தாளு யாரு? நேத்து இத்தையெல்லாம் சொல்லவேண்டிதுதானே? வாயில இன்னா கொயுக்கட்டையா?"

ஒரே அறை, ஒரு சமையல் மூலை. செல்வியின் கணவர் ஏழுமலை பாயில் சாய்ந்திருந்தார். நிலக்கரி யார்டில் கூலி வேலை. இப்போது போவதில்லை. முந்தின நாள் இருமியவர் அவர்தான். நான் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். கல்நார், பெருமாள், எக்ஸ்ரே, மலிவு விலைக் கிடங்கு. நிலக்கரிக்காரருக்குக் கல்நாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்விதான் கேட்டார், "நெஞ்சு படத்த ஐஸ்ல வெச்சிக்கீறீங்களா? எங்கிட்ட சொல்லிந்தா காசிமேட்டு ஐஸ் கம்பெனிலயே வெச்சிருப்பேனே."

கிள்ளானில் செயலாளர் கணினி முன்னால் உட்கார்ந்தார். நான் காதில் போனோடு செல்வி பக்கத்தில். குறியீடு வந்தது. செல்வி அதை மூன்று முறை படித்துவிட்டு, "வேற எங்கியாவது இத்த போட்டீங்கன்னா ஊரே எழுந்து வரும்" என்று எச்சரித்துவிட்டு ஒவ்வோர் எண்ணாக உரக்கச் சொன்னார். தொலைவில் செயலாளர், "திறந்துருச்சு" என்றார். பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றனவாம். நின்றுபோன வாடகையைச் சங்கத்தின் அட்டையிலிருந்து கட்டினார். எல்லாப் படங்களையும் மேலே கொண்டுவரும்படி உத்தரவு கொடுத்தார். இரண்டு நாள் ஆகலாம் என்று திரையில் வந்ததாம். மறுபடி உள்ளே போகும்போது மறுபடி குறியீடு கேட்கும்.

ஆகவே காத்திருந்தேன். சேவியர் சொன்ன மலிவின் விலை அந்தக் காத்திருப்புதான் என்று அப்போதுதான் புரிந்தது. நல்ல நெஞ்சுக்காரனுக்கு இரண்டு நாள் ஒன்றுமில்லை.

மறுநாள் ஏழுமலை என்னை முகத்துவாரம்வரை கூட்டிப்போனார். பத்தடிக்கு ஒரு முறை நின்றார். நானும் சும்மா வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றேன். கிள்ளான் ஆறும் சுத்தமில்லைதான். ஆனால் அங்கே தண்ணீருக்குத் தண்ணீரின் நிறம் இருக்கிறது. இங்கே கரைக் கல்லில் கறுப்பாக ஒரு கோடு. ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார். "அத்த யாரும் வாங்கமாட்டாங்கோ. எண்ண வாசன அடிக்குதும்பாங்கோ. அவன் வூட்டுக்குத்தான்" என்றார் ஏழுமலை. செல்வி வறுக்கும் மீன் காசிமேட்டிலிருந்து வருகிறது. இங்கே பிடித்தது இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் சத்தியம் செய்து விற்க வேண்டுமாம். எனக்கு ஒரு தட்டு சத்தியம் செய்யாமலே கொடுத்தார். நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் செயலாளர் அழைத்தார். படங்கள் வந்துவிட்டன. செல்வி இன்னொரு குறியீட்டைப் படித்தார். இந்த முறை எச்சரிக்கை இல்லை. நான் போனை ஒலிபெருக்கியில் வைத்தேன். அலுவலகத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள், நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. செயலாளர் ஒவ்வொரு பெயராகத் திறந்தார். மூக்கனின் கோப்பு திறக்கவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். அதற்குள் ஒன்றுமே இல்லை என்று வந்ததாம். மூக்கன் இறந்து வெகுநாள் ஆகிறது. அவருடைய மனைவி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "செரி, அடுத்தவங்களோடத பாருங்க" என்று அவர் குரல் கேட்டது.

அடுத்தது பெருமாள்.

"கறுப்பா, வெள்ளையா?" என்று பெருமாள் கேட்டான். அவன் கண்ணுக்குத் திரை தெரியாது. எக்ஸ்ரேயில் காற்று இருக்கும் இடம் கறுப்பாக இருக்கும். நோய் வெள்ளை. எங்கள் சங்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும்.

"வெள்ளைதான். ரெண்டு பக்கமும், அடியில நல்லா வெள்ளை. தேதி பக்கத்துலயே இருக்கு. நீ வேலையில இருந்தப்ப எடுத்தது" என்றார் செயலாளர்.

அந்தப் பக்கம் கைதட்டினார்கள். பெருமாள் சிரித்தான், சிரிப்பு இருமலாக மாறி, யாரோ தண்ணீர் கொண்டு வா என்றார்கள். நடுவில் அவன், "டேய், சேவியர் பொண்டாட்டிக்கு சொல்லிரு. அந்த அம்மாவுக்கும் சொல்லிரு" என்றான். எனக்கும் முகமெல்லாம் சிரிப்பு. செல்வி என்னைப் பார்த்தார்.

"இன்னா, நெஞ்சு நல்லாக்கீதா அவருக்கு?"

"இல்லம்மா. அப்பவே கெட்டுப்போயிருக்கு."

"அதுக்கா இப்டி கை தட்றாங்கோ?"

ஆமாம் என்றேன். ஏழுமலை பாயிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு தகட்டைச் செருகியிருந்தார்கள். அதை உருவி என்னிடம் நீட்டினார். எக்ஸ்ரே. அவருடையது. யார்டில் வேலை செய்தபோது, காய்ச்சல் என்று போன இடத்தில் எடுத்தது.

"இத்த அதுல போட முடியுமா?"

இரண்டு மூலையை செல்வி பிடித்துக்கொள்ள, வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் படம் எடுத்தேன். வெயிலில் வெளுத்திருந்தது. மழை வழிந்த கோடு, பூஞ்சை, சாம்பல் படிந்த திட்டு. எது ஏழுமலையின் நெஞ்சு, எது ஜன்னலில் இருந்ததால் வந்தது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒரு மருத்துவருக்குத் தெரியுமா என்பதும் தெரியவில்லை. மூலையில் பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. கிள்ளானுக்கு அனுப்பினேன்.

"யார் இது? நம்ம ஆள் இல்லையே" என்றார் செயலாளர்.

"போடுங்க" என்றேன்.

"சங்கத்துக் கணக்குலயா? கமிட்டில கேக்கணுமே."

"போடுங்க. நான் கமிட்டில பேசுறேன்." நான் கமிட்டியில் ஒரு நாளும் பேசியதில்லை. செயலாளருக்கும் அது தெரியும். சிறிது நேரம் கழித்து, போட்டாச்சு என்றார். சேவியரின் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைச் சேர்க்க வேண்டும், கடைசியாக ஒரு குறியீடு வரும் என்றும் சொன்னார்.

"அப்போ எங்க படத்த நாங்க எப்டி எடுக்கறது?" என்று செல்வி கேட்டார்.

அதனால் இரண்டு எண்ணும் இருக்கட்டும் என்றேன். செயலாளர் சலித்துக்கொண்டார், ஆனால் செய்தார். செல்வி கடைசிக் குறியீட்டைப் படித்தார். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனார்.

ஏழுமலை கேட்டார், "அங்க எம்மா நாளு இருக்கும்?" வாடகை கட்டும்வரை என்றேன். தலையாட்டினார். எக்ஸ்ரேயை லுங்கியால் ஒரு முறை துடைத்து, உடைந்த கண்ணாடி இருந்த இடத்தில் மறுபடி செருகினார். அதற்குள்ளாகவே பாயின் மேல் சாம்பல் விழ ஆரம்பித்திருந்தது.